எலிக்குக் கலக்கிய வெள்ளை

1

தாயில்பட்டி பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள் யாரிடமோ சொன்ன ஒரே வாக்கியத்திலிருந்து வந்தது இந்தக் கதை: "எங்காத்தா வெடிமருந்து சலிச்ச கையாலதான் புத்துநோய் எலிக்கு மருந்து கலக்குனா." சொன்னவர் இறங்கிப் போய்விட்டார். மீதி என் கற்பனை.

2

1964. விருதுநகர்க் கல்லூரி ஒன்றில் ஒரு மேதை...

(அடித்துவிட்டேன். மேதை வந்துவிட்டால் மற்றவர்களுக்கு வேலை இருக்காது.)

ஜெயசீலி அந்தக் கல்லூரியில் விலங்கியல் டீச்சர். வெள்ளெலிகளின் தொடையில் புற்றுக்கட்டி வளர்த்தாள். கட்டியின் நடுவே ரத்தம் எட்டுவதில்லை, ஆக்சிஜன் இல்லாத அந்த இடம்தான் கதிர்வீச்சு சிகிச்சைக்குத் தப்பிவிடுகிறது என்று படித்திருந்தாள். அதைப் படமாகக் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு வெறி. வயிற்று எக்ஸ்ரேக்குக் குடிக்கக் கொடுக்கும் பேரியம் வெள்ளையை, மயக்கி உயிர்போக்கிய எலியின் ரத்தக்குழாயில் ஏற்றினால், ரத்தம் போகும் வழியெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஆனால் துகள் பெரிதாக இருந்து குழாயை அடைத்துக்கொண்டது. இரண்டு எலிகள் வீண். வெயிலில் மற்றவையும் செத்து, கட்டியோடு மிஞ்சியது ஒன்றே ஒன்று.

3

(மாரித்தாயைக் கதைக்குள் கொண்டுவர மூன்று தொடக்கம் எழுதிக் கிழித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.)

பொடி சலித்துப் பழகிய கையைத் தேடி ஜெயசீலி, பேரியம் வெள்ளையோடு எம். புதுப்பட்டி என்ற ஊருக்குப் பஸ் ஏறினாள். அங்கே பட்டாசுக் கம்பெனியில் பதினாறு வருஷமாக மருந்து சலிப்பவள் மாரித்தாய். வெள்ளையை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"இது சல்லடைக்கு அடங்காது டீச்சர். தண்ணியில கலக்கி விடுங்க. கனமானது அடியில போயிரும். மேல நிக்கிற பாலை மட்டும் இறுத்து எடுங்க. ஒருக்கா இல்ல, ஏழு தடவ."

"நீங்களே வந்து கலக்கித் தாறீகளா?"

"எலின்னா எனக்குப் பயம் டீச்சர்."

வந்தாள். எலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டீச்சர் எதைத் தேடுகிறாள் என்று கேட்டுக்கொண்டே ஏழு தடவையும் இறுத்தாள்.

4

இந்த முறை வெள்ளை தடையில்லாமல் ஏறியது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரர் ராஜசிங் ஈரப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஓரமெல்லாம் கொடி கொடியா விழுந்திருக்கு. நடுவுல ஒண்ணுமே விழலையேம்மா."

ஜெயசீலி படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாரித்தாய்தான் எழுந்து நின்றாள்.

"விழலையா? அங்கன ரத்தமே போகலைய்யா! அதத்தான டீச்சர் இம்புட்டு நாளாத் தேடுனாக!"

ஜெயசீலி வாய்விட்டுச் சிரித்தாள். மாரித்தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

5

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன். ஒன்று, சென்னைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயசீலிக்கு அழைப்பு வருகிறது. இரண்டு, ஜெயசீலி எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் மாரித்தாய் பெயரும் அச்சாகிறது. மூன்று, சென்னைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை, ஆனாலும் ஜெயசீலி புது எலிகளை

(இதை நான் முடிக்கப்போவதில்லை.)

எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள், நாலாவதாக ஒன்று எழுதினாலும் சரி. அந்தச் சிரிப்பை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.