பெட்டிக்குள் வைத்த சிகரெட்

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில், செத்தவருக்குப் பிடித்ததைப் பெட்டிக்குள் வைத்துத்தான் அனுப்புவார்கள். செத்துப்போன பெனடிக்டின் சட்டைப் பைக்குள் அவருடைய பழைய கூட்டாளி அழகன் ஒரு சிகரெட் பக்கெட்டைச் செருகினான்.

"இது இல்லாம அண்ணனுக்கு முடியாதுங்க" என்று சொல்லித் தேம்பி அழுதான். பாசம்தான், யாரைக் குறை சொல்வது?

பெனடிக்டின் தம்பி லியனார்டுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. சிகரெட்டை அண்ணன் தொட்டு ஆறு மாதம் ஆகிறது. "இனிமேல் குடித்தால் நுரையீரல் தாங்காது" என்று டாக்டர் லியனார்டை எச்சரித்த அன்றே இருவரும் சேர்ந்து அந்தப் பழக்கத்தை விட்டார்கள். ஆசை வந்தால் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், யாருடனாவது பேசுங்கள் என்று கிளினிக் மிஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். வரிசை வீடுகளான அந்த லயத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒற்றைச் சுவர். லியனார்ட் சுவரைத் தட்டுவான். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா இன்று யாரை ஏசினார் என்று அந்தப் பக்கமிருந்து அண்ணன் இருமிக்கொண்டே கதை அளப்பார். பத்து நிமிடம் எப்படியோ ஓடிவிடும்.

லியனார்ட் எல்லோர் முன்னாலும் அந்தப் பக்கெட்டை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். அதைத் தேயிலைக்குள் வீசியிருக்க வேண்டும், மடையன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சிகரெட் ஆசை தலைதூக்கியது. தண்ணீர் குடித்தான். கராம்பைக் கடித்தான். மூச்சை எண்ணினான். பத்து நிமிடம் போனது, இன்னொரு பத்தும் போனது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று மிஸ் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் சுவரைத் தட்டினான். இருமல் கேட்கவில்லை.

லயத்துக்குப் பின்னால் போய்ப் பற்றவைத்தான். முதல் இழுப்பிலேயே சுகமாக இருந்தது, அதுதான் கொடுமை.

"தம்பி."

மதினி றோசலின் நின்றுகொண்டிருந்தாள்.

"செவரு தட்டுற சத்தம் கேட்டுச்சு. அவருக்குப் பதிலா நான் பேசலாமேன்னு வந்தேன்."

அவன் தலை குனிந்தான்.

"அவரு இனி விட்டாலும் ஒண்ணுதான், விடாட்டியும் ஒண்ணுதான்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு, தம்பி. கடைசி நாள்லகூட ஒண்ணே ஒண்ணு தரட்டான்னு கேட்டேன். ஒங்களுக்குத் தொணையா இருக்கணும்னு வேணான்னுட்டாரு."

அவள் திரும்பிப் போனாள். சிகரெட் இன்னும் பாதி இருந்தது. அழுதுகொண்டே அதையும் இழுத்து முடித்தான்.