டொமினிக் சுற்றிய கமாக்கதிர்

1

இந்தக் கதை எனக்கு டொமினிக்கின் மூச்சிரைப்பிலிருந்து கிடைத்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, போர்க்காலம்; ரேடியோவுக்குப் போடும் பற்றரிக்குத் தடை. பாப்பாமோட்டைக் கிராமத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்பார்கள். [முதலில் ‘வானம் இருண்டு’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். பட்டப்பகல் அது, செல்லங்களே.]

2

டொமினிக் மீன் வியாபாரி. அவன் மனைவி பிரான்சிஸ்கா மறுநாள் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு விஞ்ஞானப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பள்ளியை நடத்தும் பாதருக்குப் பிடித்தால் ஆசிரியை வேலை. பாடத்துக்காக, டொமினிக் பெடலைச் சுற்றச் சுற்ற, ரேடியோ உரையைக் கேட்டாள்.

எங்கோ ஒரு நட்சத்திரக் கூட்டம், நடுவில் கருந்துளை. அங்கிருந்து வரும் கமாக்கதிர், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி, சில நாளிலேயே கூடுகிறது, குறைகிறது. பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற துணிக்கையும் அங்கிருந்தே வருகிறதா? “இதற்கான விடை…” என்றார் அறிவிப்பாளர்.

டொமினிக்கின் கை ஓய்ந்தது.

“இஞ்சேருங்கோ, சுத்துங்கோவன்.”

“கை கழண்டுபோச்சடி.”

“மீன் மீனெண்டு கத்தேக்கை களைக்கிறேல்லையோ?”

“அதுக்கு வாய் மட்டும் காணும்.”

மறுபடி சுற்றியபோது உரை முடிந்து சினிமாப்பாட்டு போனது.

(அவன் வேண்டுமென்றே நிறுத்தியதாக ஒருமுறை எழுதினேன். அவனுடைய மணிக்கட்டு வீக்கத்தைப் பார்த்தபின் வெட்டிவிட்டேன்.)

3

ஓலைக்கொட்டிலில் வகுப்பு. பாதர் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். பிரான்சிஸ்கா பெடலைச் சுற்றி, சைக்கிள் விளக்கைக் கூட்டியும் குறைத்தும் காட்டினாள்.

“இப்பிடித்தான் அந்தக் கதிரும். அது கூடுற நேரத்திலயே அந்தப் பக்கத்திலயிருந்து நியூட்ரினோவும் வந்தா, ரெண்டும் ஒரே இடமெண்டு சந்தேகிக்கலாம்.”

“அப்ப ஒரே இடந்தானோ, டீச்சர்?” என்றாள் முன்வரிசைச் செல்லாயி.

‘ஓம், ஒரே இடந்தான்’ என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? பாதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தெரியாது பிள்ளை. விடை வாற நேரம் எங்கட வீட்டு ஆள் களைச்சுப்போனார்.”

கொட்டிலே சிரித்தது. வெளியே நின்ற டொமினிக்கும் சிரித்தான்.

“அப்ப அடுத்த கிழமை ரேடியோவுக்கு நாங்கள் சுத்துறம். களைக்கக் களைக்க ஆள் மாறலாம்.” செல்லாயி கையைத் தூக்கினாள். பின்னால் இருபத்திரண்டு கைகள்.

4

ஒரு பிரதியில் பாதர், ‘தெரியாத டீச்சர் எங்களுக்கு எதற்கு’ என்று எழுந்து போகிறார். எழுதியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை; கிழித்தேன். இன்னொன்றில் அங்கேயே வேலைக் கடிதம் கொடுக்கிறார். அது கலியாண வீட்டுப் பலகாரம் போலத் திகட்டியது.

நடந்ததாக டொமினிக் சொன்னது இவ்வளவுதான்: பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கியின் வலக்கையை முழங்கை வரை சுருட்டினார். பிறகு அவரும் கையைத் தூக்கினார்.

எதற்கென்று நீங்கள் சொல்லுங்கோ, கண்ணுகளே. நான் இதோடு நிறுத்துகிறேன், கை கழண்டுபோச்சு.