இருபத்தாறு மாதமும் ஒரு வாக்கும்

1988. ஹோர்சன்ஸ் நகரத் தமிழ்ச் சங்கத் தேர்தலில் தலைவராக நின்ற பேதுரு அண்ணை, டென்மார்க் வந்து எட்டே மாதமான நிறோஷினியை உபதலைவராகத் தன்னோடு நிறுத்தினார்.

“வாய் திறக்காத பிள்ளை. அண்ணைக்கு ஏதும் நடந்தா இவவோ சங்கத்தை நடத்துறது?” என்று நான்தான் முதலில் சிரித்தேன்.

வாக்கெடுப்புக்கு முன் டேனிஷ் நிருபர் ஒருவர் வந்தார். இலங்கையிலிருந்து மனைவிமாரைக் கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை என்பதுதான் செய்தி. பேதுரு அண்ணையோ இலங்கை வரலாற்றைத் தொடங்கினார். நிருபர் பேனையை மூடினார்.

நிறோஷினி எழுந்து எல்லோருக்கும் ஒவ்வொரு கடதாசி மட்டை தந்தார். என்னிடமும் ஒன்றை நீட்டினார்.

“அண்ணை, எத்தினை மாதமாக் காத்திருக்கிறியள்? அதை மட்டும் எழுதுங்கோ.”

அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. ‘26’ என்று எழுதினேன். நாற்பது பேர் எண்களோடு நின்றோம். நிருபர் படமெடுத்தார்.

“இப்ப சிரியன்ரா,” என்றார் பேதுரு அண்ணை என்னைப் பார்த்து.

சிரிப்பு வரவில்லை. வாக்கெடுப்பில் நிறோஷினிக்கு முதலில் உயர்ந்தது என் கை.