நான்காவது யோசனை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. வீட்டு வாடகையைக் குறைக்க யோசனை சொல்லுங்கள் என்று நகரசபை இதழ் கேட்டதால் எழுதிக் கொடுத்த கட்டுரை இது. பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் கூடுதல் வரி, கடைகளின் மேல்மாடியில் குடியிருக்க அனுமதி, காருக்கு இடம் விட்டால்தான் வீடு கட்டலாம் என்ற விதியை நீக்குவது என்று மூன்று சொன்னேன். நான்காவதாக, சும்மா கிடக்கும் கார் ஷெட்டுகளைச் சிறு வீடுகளாக்கி வாடகைக்கு விடலாம் என்றேன்.

முதல் மூன்றையும் நகரசபை கிடப்பில் போட்டது. நான்காவது மட்டும் விதியாகிவிட்டது. (அதை எண்ணிக்கைக்காகத்தான் சேர்த்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.)

2

மனைவி விண்ணப்பப் படிவத்தை நீட்டினாள்.

“நம்ம ஷெட்டுக்கா?”

“காரை வித்து எட்டு வருஷம் ஆச்சு. இப்ப அங்க நிக்கிறது நீங்க மட்டுந்தான்.”

அங்கேதான் எழுதுகிறேன், இந்த வரி உட்பட. மனைவி பார்த்து வைத்திருந்த ஆள், காலை ஐந்து மணி பஸ்ஸை ஓட்டும் பெண். முதல் பஸ்ஸே அதுதான் என்பதால், தொலைவிலிருக்கும் தன் வீட்டிலிருந்து வேலைக்கு வர அவருக்குப் பஸ் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் டிப்போவிலேயே தூங்குகிறார். மகள் இருப்பது அவருடைய அக்கா வீட்டில்.

3

கதையின் ஆரம்பம், முதல் முயற்சி: ‘இருமிக்கொண்டே அந்த விதவை ஷெட்டுக்குள்—’

ஷெட்டைப் பார்க்க வந்த ஓட்டுநர் அதைப் படித்துவிட்டார்.

“எனக்கு இருமலே இல்லையே சார். வீட்டுக்காரரும் நல்லாத்தான் இருக்காரு, கப்பல்ல வேலை.”

“கதைக்காக...”

“கதைக்கு வேணும்னா நீங்க இருமுங்க.”

இரண்டாவது முயற்சி: ‘எழுத்தாளனின் தனிமை என்பது புனிதமான—’ இதை நானே அடித்தேன். வெட்கமாக இருந்தது.

4

“ஜன்னல் எங்க சார் வரும்?”

ஜன்னல் இல்லாமல் அனுமதி கிடையாது. அது வரவேண்டிய இடம் என் மேசைக்கு நேர் மேலே.*

“அப்போ பொண்ணு கட்டிலை அதுக்குக் கீழயே போட்டுடலாம். மூணு மணிக்கு ஸ்கூல் விடும்போது நான் வாசல்ல நிப்பேன். இன்னும் அவகிட்ட சொல்லல. நீங்க மாட்டேன்னுட்டா பாவம், ஏமாந்துடுவா.”

* நான் எழுதியவற்றில் ஒரு சுவரை இடிக்கப்போகும் முதல் வரி அந்த நான்காவது யோசனைதான். பெருமையாகத்தான் இருக்கிறது, சுவர் என்னுடையது என்பதைத் தவிர.

5

முடிவு அ: படிவத்தைத் தொலைத்துவிடுகிறேன். (மனைவியிடம் நகல் இருக்கிறது.)

முடிவு ஆ: நகரமெங்கும் வாடகை இறங்குகிறது. ஒரு ஷெட்டால் அது நடக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று பேர் படிவம் வாங்கியிருக்கிறார்கள்.

முடிவு இ: போன மாதம் கையெழுத்துப் போட்டேன். அனுமதியும் வந்துவிட்டது. கொத்தனார் சுத்தியலோடு வாசலில் நிற்கிறார். ஓட்டுநரின் மகள் என் நாற்காலியை ஏற்கெனவே வெளியே கொண்டுபோய்விட்டாள், நின்றபடிதான் எழுதுகிறேன். மேசையின் ஒரு முனையை அவள் அம்மா பிடித்திருக்கிறார்.

“சார், அந்தப் பக்கம் புடிங்க.”

கதைக்கு இன்னும் ஒரு வரி பாக்கி. மேசையைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். இந்தப் பேனாவைக் கொஞ்சம் பிடியுங்கள்.