கெலெபியின் இடது கால்

என் வீட்டுக்காரர் கெலெபிக்கு உள்ளங்காலில் கூச்சம் அதிகம். இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியும் இது எனக்குத் தெரியாது என்றால் பாருங்கள். பாதத்தைச் சுற்றிப் பென்சிலை ஓட்டினேனோ இல்லையோ, நூற்றிருபது கிலோ மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி நெளிய ஆரம்பித்துவிட்டார்.

“ஆடாம நில்லுங்க. கோடு கோணிக்கிட்டுப் போகுது.”

“நீ வரையலடி, குத்துற.”

“காலா இது? தாளே பத்தல. இன்னொரு மாசத்தையும் கிழிக்கணும் போல.”

தேவாலயம் கொடுத்த காலண்டரில் போன மாசத் தாளைக் கிழித்துச் சுவரோரம் போட்டு, குதிகால் சுவரில் இடிக்க அவரை நிற்க வைத்திருந்தேன். எல்லாம் ஆக்லாந்தில் இருக்கும் எங்கள் மகள் பிசிலாவின் உத்தரவு. சாயங்காலம்தான் அளக்கணுமாம், காலையில் கால் சுருங்கி இருக்குமாம். உட்கார்ந்து அளக்கக் கூடாது, முழு எடையும் தரையில் இறங்க வேண்டும். பென்சில் சாயக் கூடாது. இத்தனையும் போனில் சொல்லிவிட்டுக் கடைசியில், “ரெண்டு காலையும் அளம்மா. எது பெருசோ அதுக்குத்தான் வாங்கணும். மறந்துடாத,” என்றாள்.

மூன்று வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை கெலெபி முதல்முதலாகப் பிரசங்க மேடை ஏறப் போகிறார். போதகர் வைத்த பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாம் தடவை தேறியவர். சேப்பங்கிழங்கு நடும்போதுகூட வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். கோட்டு கிடைத்துவிட்டது, கோயிலுக்கு மரியாதையாக இடுப்பில் கட்டும் பாயை நானே முடைந்துவிட்டேன். காலுக்குத்தான் ஒன்றுமில்லை. வாழ்நாள் முழுக்க ரப்பர் செருப்பு. எங்கள் தீவின் நெயாஃபூ கடைத்தெருவில் ஷூ கேட்டதற்கு, கடைக்காரர் அவர் காலைப் பார்த்துவிட்டு, “படகு செய்யறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க,” என்று சொல்லிவிட்டார். நான் சிரித்துவிட்டேன். கெலெபி சிரிக்கவில்லை. ரப்பர் செருப்போடு ஏறினால் முதல் வரிசை அவர் பேச்சைக் கேட்காது, காலைத்தான் பார்க்கும் என்பது அவருடைய பயம்.

வலது காலை வரைந்து முடித்தேன். இடது காலைத் தாளில் வைத்து, குதிகாலைச் சுற்றி அரை வட்டம்கூடப் போட்டிருக்க மாட்டேன், வாசலில் குரல் கேட்டது.

“மெலியாமே, இருக்கியா?”

என் நாத்தனார் லோசலீன். கெலெபியின் அக்கா.

கெலெபி காலைத் தூக்கினார், சமையலறை வழியாகக் கொல்லைக்குப் போனார். அவ்வளவுதான். எங்கள் ஊரில் வயது வந்த அக்காவும் தம்பியும் வீட்டுக்குள் ஓர் அறையில் உட்கார மாட்டார்கள். சண்டையெல்லாம் இல்லை, மரியாதை. அவள் இந்தக் கதவால் வந்தால் இவர் அந்தக் கதவால் போவார்.

அது பரவாயில்லை. இன்னொரு வழக்கமும் இருக்கிறது. தம்பி வீட்டில் அக்கா எதன் மேல் கை வைக்கிறாளோ அது அக்காவுடையது. ஏன் என்று கேட்க யாருக்கும் நாக்கு எழாது. இந்த வகையில் ஒரு தாய்ப்பன்றி, இரண்டு நல்ல பாய்கள், பிசிலா அனுப்பிய மின்விசிறி எல்லாம் லோசலீன் வீட்டுக்கு நடந்து போயிருக்கின்றன. அதனால் அவளைக் கண்டதும் தாளை அவசரமாகச் சுருட்டிப் பின்னால் வைத்தேன்.

“என்ன அது?”

“ஒண்ணுமில்ல அண்ணி. பழைய காலண்டர்.”

அண்ணி உட்கார்ந்தாள். சேம்பிலையில் பொதிந்து வேக வைத்த மாட்டிறைச்சி இருந்தது, சாப்பிட்டாள். அவள் மகன் மைக்கோலோவுக்குப் பெண் பார்க்கும் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். எழுந்திருக்கிற வழியைக் காணோம். கெலெபி கொல்லையில் கொசுக்கடி தாங்காமல் போதகர் வீட்டுக்கே போய்விட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிசிலா வீட்டிலிருந்து பெட்டி மறுநாள் காலையில் கப்பலுக்குப் போகிறது. அன்றைக்குக் கடை மூடுவதற்குள் அளவு போய்ச் சேராவிட்டால் ஷூ கிடையாது.

ஒருவழியாக அவள் கிளம்பியதும் ஓடிப்போய்த் தாளை விரித்தேன். வலது கால் அழகாக இருக்கிறது, இடதுக்கு வெறும் குதிகால். யோசிக்க நேரமில்லை. வலது காலைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன், அதையே கவிழ்த்துப் போட்டு இடது காலாக வரைந்தேன். கடவுள் மனிதனுக்கு இரண்டு காலையும் ஒரே மாதிரிதானே கொடுத்திருக்கிறார் என்று என் எண்ணம். பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். நீளம் முப்பது சென்டிமீட்டர் சொச்சம், அகலம் பன்னிரண்டு. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிரசங்கத்துக்கு முந்தின புதன்கிழமை பெட்டி வந்தது. கருப்புத் தோல், முகம் பார்க்கலாம். வலது கால் வெண்ணெயில் கத்தி மாதிரி உள்ளே போயிற்று. இடது கால் பாதியில் நின்றது.

“சரியாத்தான் இருக்கு,” என்றார் கெலெபி, பல்லைக் கடித்துக்கொண்டு. எழுந்து நாலு அடி வைத்தார். நொண்டினார்.

“கழட்டுங்க, பாப்போம்.”

கழற்றினார். அப்போதுதான் அந்தக் காலை ஒழுங்காகப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் எலும்பு புடைத்து, வலது காலைவிட ஒரு விரல் அகலம் கூடுதல். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்த கால் என்று கல்யாணம் ஆன புதிதில் சொல்லியிருக்கிறார். ரப்பர் செருப்பில் அது தெரியவே இல்லை. தாளைக் கவிழ்த்துப் போட்ட கதையைச் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“விடு புள்ள. மோசேகிட்டயே செருப்பைக் கழட்டுன்னுதான் கடவுள் சொன்னாரு. நான் வெறுங்காலோட ஏறிட்டுப் போறேன்.”

சொன்னாரே தவிர முகம் சுண்டிப்போயிற்று. சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில், “மெலியாமே, இருக்கியா?”

கெலெபி கொல்லைப் பக்கம் போனார். ஷூ இரண்டும் கூடத்தின் நடுவே உட்கார்ந்திருந்தன. லோசலீன் நின்று பார்த்தாள். குனிந்து இடது ஷூவை எடுத்தாள், உள்ளே கையை விட்டுப் பார்த்தாள்.

“இதை நான் எடுத்துக்கிட்டுப் போறேன்.”

“அண்ணி, அது ஞாயித்துக்கிழமைக்கு அவருக்கு...”

“எடுத்துக்கிட்டுப் போறேன்னு சொன்னேன்.”

இரண்டு ஷூவையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளை மைக்கோலோவின் காலுக்குத்தான் போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. கெலெபியிடம் கத்தினேன். “உங்க அக்காவுக்குக் கண்ணுல ரத்தமே இல்லையா?”

“அக்கா எடுத்தா எடுத்ததுதான்,” என்று வசனத்தாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். “உன் நாத்தனாருக்கு என்ன ஆச்சு? ஒரு கால்ல ஆம்பள ஷூ, இன்னொரு கால்ல ரப்பர் செருப்பு. நேத்துலேருந்து அப்படியே ஊரைச் சுத்துது. கிழங்குத் தோட்டத்துக்குக்கூட அதோடதான் போச்சு.”

எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டது போல் ஆயிற்று எனக்கு. எடுத்துக்கொண்டது போதாதென்று ஊருக்கே காட்டிக்கொண்டு திரிகிறாளா? சனிக்கிழமை முழுக்கப் பானைகள்தான் என்னிடம் பேச்சு வாங்கின.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்தது. கெலெபி கோட்டு, பாய் எல்லாம் கட்டி, வெறுங்காலோடு நின்றார். வாசலில் அதே குரல். அவர் பின்னால் போனார்.

லோசலீன் உள்ளே வந்து ஷூ இரண்டையும் மேஜை மேல் வைத்தாள். தேங்காயெண்ணெய் வாசம். வலது ஷூ வந்த மாதிரியே இருந்தது. இடது ஷூவின் பக்கவாட்டுத் தோல் நன்றாக இளகி, சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் புடைத்திருந்தது. நான் அவள் காலைப் பார்த்தேன். இடது காலில் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் துணிக்கட்டு.

“அண்ணி, இது என்ன?”

“எங்க குடும்பத்துக்கே அகலக் காலு. அதுக்கு மேல துணி சுத்திக்கிட்டேன், அவன் கால் சைசுக்கு. எண்ணெய் போட்டு நடந்தா தோலு சொன்னபடி கேக்கும்.”

“மூணு நாளாவா?”

“ரெண்டு நாள்ல கேக்கல, என்ன பண்றது?”

“எந்தக் கால், எவ்வளவு அகலம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

லோசலீன் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “மாங்கா வேணும்னு கேட்டது நான்தானே. எட்டு வயசு அவனுக்கு. மரத்துலேருந்து விழுந்து எலும்பு முறிஞ்சும், மாங்காயைக் கைய விட்டு விடல. அந்தக் காலை எனக்குத் தெரியாதா?”

தாய்ப்பன்றி, பாய், மின்விசிறி என்று இத்தனை வருஷமாக மனசுக்குள் முடிந்து வைத்திருந்ததெல்லாம் அங்கேயே அவிழ்ந்து விழுந்தது. என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

“போடச் சொல்லு. ரெண்டாம் மணி அடிக்கப் போகுது,” என்று நொண்டிக்கொண்டே போனாள்.

கெலெபி மேடைப் படி மூன்றையும் நொண்டாமல் ஏறினார். வாய் திறப்பதற்கு முன் ஒரு தடவை குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். முதல் வரிசையில் லோசலீன் செருப்பில்லாமல், துணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவளும் நிமிரவில்லை. ஆனால் பிரசங்கத்தின் நடுவே இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் லோசலீனை நானே வீட்டுக்குக் கூப்பிட்டேன். காலண்டரில் இன்னொரு மாசத்தைக் கிழித்துச் சுவரோரம் போட்டேன்.

“எதுக்குடி இதெல்லாம்?”

“பிசிலா உங்களுக்கு ஷூ வாங்கணுமாம். ஏறி நில்லுங்க அண்ணி.”

கொப்புளத்துக்குப் போட்டிருந்த துணிக்கட்டை மெதுவாக அவிழ்த்துவிட்டு ஏறி நின்றாள். பென்சில் பட்டதும் நெளிந்தாள், சிரித்தாள். கூச்சமும் குடும்பச் சொத்து போலிருக்கிறது.

கொல்லைப் பக்கம் இருட்டிலிருந்து கெலெபியின் குரல் வந்தது, என் பேரைச் சொல்லி. “மெலியாமே. ரெண்டு காலையும் அள.”