சுண்ணாம்பு பூசிய கற்கள்

ஜெயந்தினியின் குடத்தைக் காளியாயி காலால் ஒதுக்கித் தள்ளியபோது வரிசையில் நின்ற ஒருத்தியும் தடுக்கவில்லை. பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. மாசி வெயில் அந்த ஆண்டு ஊற்றையே பாதியாக உறிஞ்சியிருந்தது.

"மீனுக்குத் தண்ணி காட்டுறவளுக்கு இங்க என்ன வேலை? அங்கயே மொண்டுக்கிட்டு வரவேண்டியதுதானே," என்றாள் காளியாயி.

ஜெயந்தினி குடத்தை எடுத்துக் கடைசியில் வைத்தாள். காளியாயி சொன்னதில் பொய் இல்லையே. மலை ஊற்றிலிருந்து இறங்கும் ஒரே குழாய், பழைய துரை பங்களாவுக்குப் பின்னால் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பீலிக்கு, மற்றது பங்களாக் குளத்துக்கு. பங்களா இப்போது ஹோட்டல். குளத்தில் இருபத்திரண்டு கொய் மீன்கள், சிவப்பும் வெள்ளையுமாக, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். திங்கட்கிழமை தோறும் அழுக்குத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். வால்வைத் திருப்புவது அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெயந்தினியின் வேலை. அவள் திருப்பினால் முப்பது வீடுகளுக்கு இரண்டு நாள் பீலி வறண்டு கிடக்கும்.

உத்தரவு போடுகிறவன் மேனேஜர் டக்ளஸ். அவனும் இதே லயத்தில் ஆறாம் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், பிறந்தவன்தான். தலவாக்கலையில் வீடு கட்டிக்கொண்ட பிறகு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. அவனுடைய அம்மா இசபெல் இன்னும் அதே காம்பராவில் இருக்கிறாள், இதே வரிசையில் நிற்கிறாள். மகன் பேச்சை யாராவது எடுத்தால் அந்தம்மா குனிந்து குடத்தைக் கழுவத் தொடங்கிவிடுவாள்.

அன்று ஜெயந்தினி டக்ளசிடம் போய்க் கேட்டாள். "சேர், ஒரு ஃபில்டர் வச்சா தண்ணி மாத்தவே வேண்டியதில்ல. அதே தண்ணி சுத்தமாகிச் சுத்தி வரும்."

"கொழும்பு கம்பெனிக்காரன் சொன்ன வெலைய நீ கேட்டா மயங்கி விழுந்திருவ. போய் பாசியத் தேய்."

அவள் போய்ப் பாசியைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே யோசித்தாள். ஹோட்டல் வேலைக்கு வருவதற்கு முன்பு ஆறு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பக்கம் நின்றவள் அவள். பெரிய கண் சல்லடை முதலில், சின்னக் கண் கடைசியில். மாற்றி வைத்தால் அடைத்துக்கொள்ளும். அழுக்குத் தண்ணீருக்கும் அதே நியாயம்தானே?

வீட்டில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்ப் பரல் ஒன்றை உருட்டிக்கொண்டு போனாள். அடியில் ஆற்றுக் கறுப்புக் கற்கள். அதன்மேல் கிழிந்த கொழுந்துச் சாக்கின் வலை. அதற்கு மேல் போஞ்சிக் கொடி படரவிடும் வலை நாலு மடிப்பு. உச்சியில் ஹோட்டல்காரர்கள் வீசிய மெத்தையின் ஸ்பொஞ்சு. குளத்தோரம் கிடந்த பழைய மோட்டர் குளத்துத் தண்ணீரைப் பரலின் அடிக்குத் தள்ளியது. கனத்த அழுக்கு கற்களுக்கிடையில் தங்கியது, மிச்சம் வலையிலும் ஸ்பொஞ்சிலும் மாட்டியது, மேலே வழிந்த தண்ணீர் குழாய் வழியே குளத்துக்குத் திரும்பியது. காலையில் எல்லாவற்றையும் எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் அலசி, அந்தக் கசட்டை ரோஜாவுக்கு ஊற்றினாள்.

நாலாம் நாள் குளத்தின் அடி தெரிந்தது. பத்து நாள் அவள் வால்வைத் தொடவே இல்லை. கீழே பீலியில் தண்ணீர் விரல் கனத்துக்கு விழுந்தது. காளியாயி நன்றி சொல்லவில்லை. ஆனால் குடத்தை உதைக்கவும் இல்லை.

அதற்குள் கொழும்பிலிருந்து முதலாளியம்மா வரும் செய்தி வந்தது. எந்தக் காலத்திலும் தோட்டத்துக்குப் பெரிய துரை வருகிறார் என்றால் முதலில் வெளியே வருவது சுண்ணாம்பு வாளிதான். ரோட்டோரக் கல், மரத்தடி, மதில், எல்லாம் வெள்ளையாக வேண்டும். டக்ளஸ் கழுத்துப் பட்டி கட்டினாலும் அந்தப் பழக்கம் அவன் ரத்தத்தில் ஊறியிருந்தது. சுண்ணாம்பு அடித்த ஞாயிற்றுக்கிழமை ஜெயந்தினி நாத்தனார் மகளின் சடங்குக்கு ராகலைக்குப் போயிருந்தாள்.

திங்கள் காலையில் அவள் குளத்துக்கு வந்தாள். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. இரண்டு மல்லாந்து மிதந்தன. தண்ணீர் பால் கலந்தது போல் இருந்தது. பரல் பளீரென்று வெள்ளையாக நின்றது. ஓடிப்போய் மோட்டரை நிறுத்தி ஸ்பொஞ்சையும் வலையையும் பிடுங்கினாள். உள்ளே கற்களும் வெள்ளை. ஒவ்வொரு கல்லுக்கும் பூசி அடுக்கியிருந்தார்கள். இராத்திரி முழுவதும் மோட்டர் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக் குளத்துக்கு ஊட்டியிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அங்கே வந்த டக்ளசிடம் திரும்பினாள்.

"உள்ள கல்லுக்கு யாரு சேர் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது?"

"மேடம் எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தா கல்லு கறுப்பா, அசிங்கமாவா இருக்கிறது?" என்றான் டக்ளஸ். அதற்குள் முதலாளியம்மா படியிறங்கி வந்துவிட்டார். அவன் உடனே சிங்களத்துக்கு மாறினான். இந்தப் பெண் கேட்காமல் வைத்த குப்பைப் பரல்தான் மீனைக் கொன்றது என்றான்.

ஜெயந்தினி ஒரு கல்லை எடுத்து முதலாளியம்மா முன்னால் நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. அவர் கல்லைப் பார்த்தார், பளிச்சென்றிருந்த மதிலைப் பார்த்தார், டக்ளசைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்னது வேறு.

"அதைப் பிறகு பேசலாம். முதலில் குளத்துப் பக்கம் வால்வைத் திற. குளம் கழுவி நிறையும் வரை மூடாதே."

"மேலே கூரைத் தண்ணீர்த் தாங்கியில் ஆறாயிரம் லீட்டர் இருக்கிறது மேடம். அதைத் திறந்தால் மீன் பிழைக்கும்," என்றாள் அவள், தனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

"பிறகு விருந்தாளிகள் எதில் குளிப்பது?"

"லயத்தில் எதில் சோறாக்குவது?"

டக்ளஸ் பல்லைக் கடித்தான். "ரெண்டு நாள் தண்ணி இல்லன்னா லயத்தாளுங்க செத்தா போயிருவாங்க?"

இசபெலின் பெயர் ஜெயந்தினியின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அந்தம்மாவை இவன் வாய்க்குக் கொடுக்க மனசு வரவில்லை. வால்வடிக்குப் போய் அதை லயத்துப் பக்கம் முழுதாகத் திருப்பினாள். ஸ்பேனரால் நட்டைக் கழற்றி, திருப்புகிற இரும்புச் சக்கரத்தை உருவி எடுத்து, படியிறங்கினாள். பின்னாலிருந்து டக்ளஸ் கத்தினான். மீன்களைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

பீலியடியில் விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் தன் வெறுங்குடத்துக்குள் போட்டுக் கடைசியில் வைத்தாள். வேலை போனது போனதுதான். இசபெலின் குடம் பீலிக்கடியில் இருந்தது.

அரை மணி நேரத்தில் டக்ளஸ் வந்தான். பளபளத்த சப்பாத்து சேற்றில் புதைந்தது. வருஷக்கணக்கில் அவன் மிதிக்காத இடம் அது.

"சக்கரத்தக் குடு. இல்லன்னா பொலிசுக்குப் போவேன்."

காளியாயி வரிசையிலிருந்து விலகி வந்தாள். ஜெயந்தினியின் குடத்தைத் தூக்கினாள், உள்ளே இரும்பு உருண்டது. அதைக் கொண்டுபோய் இசபெலின் குடத்துக்கு அடுத்ததாக வைத்தாள்.

டக்ளஸ் அந்தக் குடத்தை நோக்கி நடந்தான். வழியில் இசபெல் நின்றாள்.

"அம்மா, தள்ளுங்க. அங்க மீனெல்லாம் சாகுது."

"மேல தாங்கி நெறைய தண்ணி இருக்காமே. தெறந்தியா?"

அவன் சேற்றில் புதைந்த சப்பாத்தைப் பார்த்தான். இசபெல் மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப ஒனக்கும் இந்தத் தண்ணிதான் வேணும். கடைசியில போய் வரிசையில நில்லு."

சொல்லிவிட்டு அந்தம்மா குனிந்து, பாதி நிறைந்த குடத்தைப் பீலிக்கு நேராக நகர்த்தி வைத்தாள். டக்ளசுக்கு முன்னால் பத்தொன்பது குடங்கள் இருந்தன.