சர்க்கரை இறங்கிய விதம்

என் கணவர் சீதாராமனுக்குச் சர்க்கரை இறங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான். அது இறங்கிய விதம்தான் எனக்கு ஆகவில்லை.

எட்டு வருடமாக அவருக்குச் சர்க்கரை. எட்டு வருடமாக நானும் நடங்க, நடங்க என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். ஷூ வாங்கிக் கொடுத்தேன். மகள் சாஹித்யா ஊரின் மறுகோடியில் கச்சிபௌலியிலிருந்து ஒரு டிரெட்மில்லையே அனுப்பி வைத்தாள். அதில் இப்போது துண்டு காய்கிறது. "வாக்கிங்கா? நக்கோ பாமா" என்பார். நக்கோ என்றால் வேண்டாம். இத்தனை வருட ஹைதராபாத் வாசத்தில் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்ட உள்ளூர் வார்த்தை அது ஒன்றுதான். என் தொல்லை தாங்காமல் கீழே இறங்கினால் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். கூடவே போய் நான் வாய் ஓயாமல் பேசுவேன், அவர் "ம்" கொட்டுவார். அதோடு சரி.

போன வருடம் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, விழித்திரையில் லேசாக ரத்தம் கசிந்திருக்கிறது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராவிட்டால் பார்வைக்கே ஆபத்து என்றார். அன்று ஆட்டோவில் வரும்போது இவர் வழியிலிருந்த கடை போர்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். மறுநாள் ஷூவை எடுத்து வைத்தால், அப்போதும் நக்கோதான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அபார்ட்மென்டின் இரண்டாவது மாடிக்கு மங்கையர்க்கரசி குடி வந்தாள். காஞ்சன்பாக்கில் இவர் வேலை பார்த்த அதே பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மதுரைக்காரி. கணவர் காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். இவர் அவளை மேடம் என்பார், அவள் இவரை சார் என்பாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் இவர் என்ன வேலை செய்தார் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. குவார்ட்டர்ஸில் இருந்த எந்தப் பெண்ணுக்கும் தன் புருஷன் என்ன செய்கிறான் என்று தெரியாது. வெளியே சொல்லக்கூடாது, சட்டம் அப்படி. டிபன் டப்பாவோடு போவார், டிபன் டப்பாவோடு வருவார். சில சமயம் ஒரு மாதம் வெளியூர் போவார். எந்த ஊர் என்று கேட்டால் "ஆபீஸ் விஷயம்" என்பார். ஒருமுறை பேப்பரில் ஏவுகணை பறந்த படம் வந்திருந்தது. இதில் உங்கள் கை உண்டா என்று ஆசையாகக் கேட்டேன். சட்னியில் உப்பு குறைவு என்றார்.

எங்கள் வீட்டில் ஏழரைக்கெல்லாம் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் குப்பை போடக் கீழே போனவரை வெகுநேரம் காணவில்லை. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மேடத்தோடு கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். காற்றில் விரலால் ஏதோ கோடு இழுத்தார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு வேறு கோடு இழுத்தாள். இவர் குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை என் வீட்டில் நான் கேட்டதில்லை.

அதன் பிறகு தினமும் நடைதான். நான் ஷூவை எடுத்து வைக்கவே வேண்டியிருக்கவில்லை. போனில் சாஹித்யாவிடம் புலம்பினேன். "மம்மி, ஆர் யூ ஜெலஸ்?" என்று சிரித்தாள். போனை வைத்துவிட்டேன். பொறாமை இல்லாமல் வேறென்ன? அவள் அழகியாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நானும் நாலு நல்ல புடவை கட்டிப் பார்த்திருப்பேன். அவள் என்னைவிடக் குண்டு, தலையும் முழுக்க நரை. அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, அதற்கு நான் எந்தக் கடைக்குப் போவேன்?

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்ததைப் பார்த்த டாக்டர் நாற்காலியிலிருந்து எழாத குறை. சாப்பிட்டவுடன் நடந்தால் கால் தசைகளே ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துச் செலவழித்துவிடும், மாத்திரையோடு இதையும் விடாமல் செய்யுங்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாம் உங்கள் வேலைதானே என்று பாராட்டினார். இவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

அன்று ராத்திரியே நானும் கிளம்பினேன். மூன்று பேராக நடந்தோம். பரீட்சை ஹாலுக்குள் வாத்தியார் நுழைந்த மாதிரி இருவர் பேச்சும் நின்றுவிட்டது. மேடம் தண்ணீர் லாரி வராததைப் பற்றிச் சொன்னாள். இவர் "ம்" கொட்டினார். இரண்டு சுற்றில் அவளுக்கு முழங்கால் வலித்தது, இவரைக் கொசு கடித்தது. நாலைந்து நாள் இப்படிப் போனது. பிறகு அவள் கீழே வருவதே நின்றது. இவரும் சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் நினைத்தது நடந்துவிட்டது.

மாதம் ஒன்று ஓடியது. ஒரு நாள் காலையில் விரலில் குத்தி, சர்க்கரை பார்க்கும் மெஷினை ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். பழையபடி ஏறியிருந்தது. எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, திருப்தி. நடை நின்றதென்றால் அவளும் தொலைந்தாள் என்ற திருப்தி. இவர் பேப்பரை எடுத்து மூக்கருகே பிடித்துக்கொண்டு படிக்கப் பார்த்தார். அதைக் கண்டதும் எனக்கு என்னை நினைத்தே பயமாகிவிட்டது.

பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும் எனக்கு. அவளிடம் பேசுகிற மாதிரி ஒரு நாளாவது என்னிடம் பேசியிருக்கிறீர்களா என்று கேட்டேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"எனக்கு வேலையைத் தவிர வேற எதுவும் பேசத் தெரியல பாமா. அதை உன்கிட்ட பேசக் கூடாது. வேற என்ன பேசறதுன்னு யோசிச்சு யோசிச்சே ரிட்டயர் ஆயிட்டேன்."

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்த நான், மெஷினை எடுத்து உறையில் போட்டு வைத்தேன்.

சாயந்திரம் இரண்டாவது மாடிக்குப் போய் மணியடித்தேன். மங்கையர்க்கரசி காபி கொண்டுவந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே, நாளையிலிருந்து நீங்கள் இருவரும் நடக்கப் போங்கள், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மனசுல எதையும் வச்சுக்காதீங்க அக்கா. சார் வீட்டப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாரு. இருபது வருஷம் ஒரே ஹால்ல வேலை பாத்தோம், உங்க பேரே எனக்கு இங்க வந்துதான் தெரியும்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். இரண்டு இடத்திலும் வாயைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறார் என்று அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனால் என் பொறாமை மட்டும் ஆறவில்லை. என் பேரைக்கூட வெளியே எடுக்காதவர் அவளோடு அப்படிச் சிரிக்கிறாரே என்று இன்னும் கொஞ்சம் கூடியது.

மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் டிவி ரிமோட்டைத் தேடினார். மேடம் கீழே நிற்கிறாங்க, கிளம்புங்க என்றேன். என்னையே பார்த்தார்.

"நீ?"

"எனக்குப் பாத்திரம் கிடக்கு."

போய்விட்டார். பால்கனிப் பக்கம் போவதில்லை என்று எனக்கு நானே ஆணையிட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் அவர்கள் நடக்கிற பாதை. முதலில் இவர் குரல் வந்தது, பிறகு அவள் குரல், பிறகு இருவர் சிரிப்பும். குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். அப்படியும் கேட்டது. கடைசியில் குழாயை மூடிவிட்டு ஈரக்கையோடு ஜன்னலடியில் நின்றேன். பேச்சு தேய்ந்து கட்டடத்துக்குப் பின்னால் போகும், சற்று நேரத்தில் திரும்பி வரும். திரும்பி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எரிய எரிய, அவர்கள் பேச்சு மட்டும் நின்றுவிடக் கூடாது, இன்னும் ஒரே ஒரு சுற்று போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.